தொண்டை கட்டிய குதிரை

மெல்போர்ன்
மே 12

அன்புத் தம்பி வாரிக்,

அக்கா ரேலீன் எழுதுவது. இங்கே நான், என் இடது முட்டி, பூனை மூவரும் சௌக்கியம். வலது முட்டியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது. அங்கே நீயும் உன் நாய்களும் மிண்டில் கிரீக் பந்தயத் திடலும் எப்படி?

உன் கடிதம் வந்தது. கடிதம்! ஞாயிறு காலை தவறாமல் போன் போட்டு, அடுப்பில் என் முட்டை கருகும்வரை பேசுகிறவன் திடீரென்று தபால்தலை ஒட்டி அனுப்பினால் யாருக்குத்தான் பயம் வராது? உன்னை யாரோ கடத்திவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிரித்துப் பார்த்தால், கைப்பேசி குதிரைத் தொட்டியில் விழுந்துவிட்டதாம், வீட்டுப் போன் கம்பியைக் காக்கட்டூ கிளி கடித்துவிட்டதாம். கடைசியில், கழுத்துக் கட்டியை ஆப்பரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது, சுகம். தொட்டிக்கு அரைப் பக்கம், கழுத்துக்கு அரை வரி. பத்திரிகை நடத்த லாயக்கானவன் நீ.

சரி, நானும் எழுதுகிறேன். கைப்பேசி நன்றாக இருந்தபோதும் குறுஞ்செய்திக்கு நீ கட்டைவிரல் படம் ஒன்றைத்தானே திருப்பி அனுப்பினாய்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது ரோபோ மேய்க்கிறோம். ரோபோ என்றதும் கைகால் வைத்த தகர டப்பாவை நினைக்காதே. ஒரு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. ஜெல்லி உருண்டை, உள்ளே இரும்புப் பொடியும் தங்கத் துணுக்கும். சுற்றிலும் காந்தம் வைத்துத் திருப்பினால் சொன்ன பக்கம் உருண்டு போகும். தட்டில் வளர்த்த நரம்பு செல் ஒன்றின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி வெளிச்சம் அடிப்போம். ரோபோ இளஞ்சூடாகும். அந்தச் சூட்டில் செல் விழித்துக்கொள்ளும். விழித்தது தெரியச் சாயம் போட்டிருக்கிறோம், பச்சையாக மின்னும். நான் இதற்கெல்லாம் மேனேஜர். அதாவது, செல்களுக்குச் சோறு போடுவது, தட்டு கழுவுவது, படித்தவர்கள் சண்டை போட்டால் பிஸ்கட் கொடுப்பது.

மைக்ராஸ்கோப் அறை வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்குகிறது: 'உள்ளே கிசுகிசு மட்டும்.' அதற்குக் காரணம் உன் அக்கா. எங்கள் தலைவி பிரான்வின் ஒரு ரோபோவைச் செல்லுக்கு அருகே பதமாக நகர்த்திக்கொண்டிருந்தபோது நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். திரையில் நிலநடுக்கம். "ரேலீன், வெளிய போய்ச் சிரிச்சிட்டு வாங்க. வெளியன்னா அறைக்கு வெளிய இல்ல, கட்டடத்துக்கு வெளிய."

முக்கியமான சேதி: நவம்பரில் மெல்போர்ன் கோப்பை நாளன்று, நாடே வேலையைப் போட்டுவிட்டுக் குதிரை பார்க்கிற நேரத்தில், நாங்கள் ரோபோ பந்தயம் வைக்கிறோம். தூங்குகிற செல்லை முதலில் தொட்டு எழுப்புகிற ரோபோவுக்கு வெற்றி. ஜெயிக்கிற ரோபோவின் பெயரைச் சீட்டில் எடுத்தவருக்கு ஒரு தட்டு நிறைய சாஸேஜும் ஆட்டுக்கறியும். வர்ணனைக்கு என் தம்பி இருக்கிறான், மேற்கு விக்டோரியாவிலேயே பெரிய வாய் அவனுக்குத்தான், போனிலேயே சொல்லிவிடுவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பிரான்வின் சம்மதம். நீயும் சம்மதம்.

முத்தங்களுடன்,
அக்கா

*

மிண்டில் கிரீக்
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நாய்களும் நலம். கம்பி இன்னும் சரியாகவில்லை. காக்கட்டூவும் போகவில்லை.

கோப்பை நாள் தூரத்தில் இருக்கிறது. பார்ப்போம்.

ஒரு சின்ன விஷயம். இங்கே ஒரு நண்பரிடம் ஒரு குதிரை இருக்கிறது. கழுத்தில் கத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு தொண்டையில் ஒரு பக்க நரம்பு வேலை செய்யவில்லை. உள்ளே இரண்டு குரல் நாண்கள் உண்டாம்; ஒன்று அசைகிறது, ஒன்று கிடக்கிறது. கனைத்தால் காற்றுதான் வருகிறது. உங்கள் ரோபோவில் ஒன்றை உள்ளே அனுப்பி, வெளிச்சம் காட்டி, அந்த நரம்பை எழுப்ப முடியுமா? நண்பருக்காகக் கேட்கிறேன். அவசரமில்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

வாரிக்

*

மெல்போர்ன்
ஜூன் 7

அன்புத் தம்பி,

இங்கே எல்லாரும் நலம். வலது முட்டி வேலைநிறுத்தத்தைக் கைவிட்டுவிட்டது.

உன் நண்பரின் குதிரையைப் பற்றி பிரான்வினிடமே கேட்டேன். அவர் அழகாகப் பொய் சொல்லத் தெரியாதவர். "நம்ம ரோபோ இன்னும் தட்டைத் தாண்டிப் போனதில்ல ரேலீன். உயிருள்ள தொண்டைக்குள்ள போறதுக்கு ரொம்ப வருஷம் இருக்கு. ஆனா போகும்," என்றார். அந்த 'ஆனா போகும்' சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் நீ உன் நாய்களையே அடகு வைப்பாய்.

மேல்மாடியில் கொலீன் என்று ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறாள், லிஃப்டில் ஊர்வம்பு பேசும் தோழி. "பந்தயக் குதிரைக்கு வர்ற நோவுதான்டி இது. ஓடறப்போ தொண்டையில உறுமும். ஆனா ஆப்பரேஷன்ல நரம்பு அடிபட்டதுன்னா கொஞ்சம் பொறுக்கணும். மாசக்கணக்குல தானா எழும்பலாம், எழும்பாமலும் போகலாம். குதிரை பேரென்ன, வயசென்ன, எந்தப் பக்கம், தீனி இறங்குதா, எல்லாம் கேட்டு எழுதச் சொல்லு," என்றாள். எழுது.

இன்னொன்று. சனிக்கிழமை உன் குரலைக் கேட்கலாமென்று ரேடியோவில் மிண்டில் கிரீக் பந்தயத்தைப் போட்டேன். யாரோ ஒரு புதியவன் மளிகைச் சாமான் வாசிக்கிறான். குதிரைகள் கோட்டைத் தாண்டி, தண்ணீர் குடித்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு "கடைசித் திருப்பத்தில்" என்கிறான். நீ எங்கேடா போனாய்?

அக்கா

*

மிண்டில் கிரீக்
ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. சளிக்காய்ச்சல். கிளப்பில் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் புதியவன் பெயர் ஹேமிஷ், நல்லவன், திட்டாதே. கிளப்புக்குப் போன் போட்டு விசாரிக்கவும் வேண்டாம்.

கொலீன் கேட்ட விவரம். குதிரையின் பெயர் செப்புக் கெண்டி. நடுத்தர வயது. இடது பக்கம். சாப்பாடு இறங்குகிறது. டீ குடித்தால்தான் புரையேறுகிறது.

முன்பெல்லாம் கெண்டி கனைத்தால் திடலின் அந்தக் கோடிவரை கேட்கும். இப்போது யாராவது வந்து எப்படியிருக்கிறாய் என்றால் வாயைத் திறக்கும், காற்று வரும். வந்தவர்கள் குனிந்து காதைக் கிட்டக் கொண்டுவருவார்கள். அந்தக் காதைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை. லாயத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது.

புத்தாண்டு நாள் பந்தயம்தான் கெண்டிக்கு எல்லாமே. அதற்குள் தேறாவிட்டால் அதன் இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கனைக்காத குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

வாரிக்

*

மெல்போர்ன்
ஜூலை 23

என் தம்பி வாரிக்,

நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். டீ வரியை மட்டும் இன்னொரு தரம் படித்தேன். பிறகு பூனையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குதிரைகளைப் பற்றி நான் என் வாழ்நாளில் இவ்வளவு யோசித்ததில்லை.

கொலீனிடம் போகவில்லை. வேறொரு தொண்டை மருத்துவரைத் தேடிப் போனேன். அவர் பார்ப்பது குதிரைகளை அல்ல, ஆனால் கெண்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது இதுதான். டீ குடிக்கும்போது கெண்டி மோவாயை நெஞ்சோடு ஒட்டவைத்து விழுங்கவேண்டும், புரையேறாது. நரம்பு தானாக எழும்புகிறதா என்று காத்திருக்கும் காலத்தில், கிடக்கிற நாணுக்குள் ஓர் ஊசி போட்டு அதைச் சற்று உப்பவைத்து நடுவுக்குத் தள்ளலாம். அசைகிற நாண் வந்து அதில் முட்டும். பழைய கனைப்பு வராது. ஆனால் ஒரு கனைப்பு வரும்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நேரம் வாங்கியிருக்கிறேன். பெயர் கேட்டார்கள். செப்புக் கெண்டி என்றால் போனை வைத்துவிடுவார்கள் என்பதால் உன் பெயரைக் கொடுத்தேன். குதிரையை நீயே கூட்டிக்கொண்டு வா. என் சோஃபாவில் படுக்கலாம், லாயம் வேண்டாம்.

அக்கா

*

மிண்டில் கிரீக்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கெண்டி வராததற்கு மன்னிக்கவும். அதற்கு ஊசியென்றால் பயமில்லை. அங்கே வந்தால் 'எங்கே, பேசு, கேட்போம்' என்பார்கள். அதற்குத்தான் பயம்.

மோவாய் வித்தை நன்றாக வேலை செய்கிறது. நன்றி.

வாரிக்

*

மெல்போர்ன்
செப்டம்பர் 21

அன்புத் தம்பி,

உன்மேல் கோபத்தில் ஒரு மாதம் எழுதவில்லை. கோபம் தீர்ந்துவிடவில்லை, சொல்ல வேறு விஷயம் சேர்ந்துவிட்டது. உடம்பு நலம், வாய் அதைவிட நலம்.

இங்கே பெரிய தலைவலி. எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு செல் விழிப்பது. ரோபோ தொடுகிற அந்த ஒன்று மட்டும். ஆனால் வெளிச்சம் அடித்ததும் தட்டில் இருக்கிற அத்தனை செல்லும் ஒரேயடியாக மின்னுகின்றன, கால்பந்து இறுதியாட்டத்தில் கோல் போட்ட மாதிரி. யார் யாரை எழுப்பினார்கள் என்றே தெரியவில்லை. மாணவர்கள் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். பிரான்வின் வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தூங்கறவன் காதுல போய்க் கத்துவீங்களா? கொறைங்க. கொறைச்சிட்டு இன்னும் கிட்டப் போங்க," என்றார். குறைத்தோம். இன்னும் குறைத்தோம். ரோபோவைச் செல்லின் தோளில் சாய்கிற மாதிரி நிறுத்தினோம். நேற்று ஒரு செல், ஒன்றே ஒன்று, பச்சையாகக் கண் திறந்தது. அக்கம்பக்கம் ஒன்றும் அசையவில்லை. நான் சிரிப்பை அடக்கப் பாத்திரம் துடைக்கிற துணியை வாயில் திணித்துக்கொண்டேன். சோப்பு ருசி இன்னும் போகவில்லை.

இப்போது கோப்பை நாள் பிரச்சினை. வர்ணனையாளர் கிடைக்கவில்லை. போன் ஒலிபெருக்கியின் அதிர்வு அந்த மேசைக்கு ஆகாது. ஆள் நேரில் நிற்கவேண்டும், பலகையில் உள்ளபடி நடக்கவேண்டும். ஒரு மாணவன் ஒத்திகை பார்த்தான். பாதி தூரம் தாண்டுவதற்குள் அவன் தொண்டை கிழியக் கத்தியதில் ரோபோக்கள் திரையை விட்டே ஓடிவிட்டன. இன்னொருத்தி கிசுகிசுத்தாள், கல்லறையில் பாதிரியார் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குத் தகுதியே இல்லை, உலகுக்கே தெரியும்.

காற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பந்தயத்தை நடத்திக் காட்டக்கூடிய ஆள் வேண்டும். உனக்குத் தெரிந்த குதிரை ஏதாவது இருக்கிறதா?

அக்கா

*

மிண்டில் கிரீக்
அக்டோபர் 14

அக்கா,

எத்தனை ரோபோ ஓடுகிறது? பெயர் என்ன? எல்லாம் ஒரே ஜெல்லி என்றால் எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பது? களம் தெரியாமல் எந்த வர்ணனையாளனும் மைக்கைத் தொடமாட்டான். உடனே எழுது.

காக்கட்டூ போய்விட்டது.

வாரிக்

*

மெல்போர்ன்
நவம்பர் 6

என் அருமைத் தம்பி வாரிக்,

வீடு போய்ச் சேர்ந்தாயா? நாய்கள் உன்னை அடையாளம் கண்டுகொண்டனவா? நான் செய்த லாமிங்டன் கேக்கைத் தின்னாமல் ரயிலுக்கு ஓடிவிட்டாய். நீ தின்னாததையும் நானே தின்றேன், உடம்பு அதனால் மட்டும் சரியில்லை.

கோப்பை நாளன்று நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை, அதனால் அறையில் நடந்தது உனக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

நீ கதவருகே நின்று பலகையை வாசித்தபோது, விறைத்திருந்த உன் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். மாதக்கணக்காக நான் எதிர்பார்த்ததில் பாதி அப்போதே கிடைத்துவிட்டது. உள்ளே இருட்டு. பிரான்வின் உன் கையைப் பிடித்து, "வாங்க வாரிக், எங்க எல்லாருக்கும் இங்க இந்தக் கொரல்தான்," என்று காற்றிலேயே சொன்னார். நீ பதிலுக்குக் காற்றிலேயே, "அப்ப நான் சீனியர்," என்றாய். மாணவர்கள் சத்தமில்லாமல் சிரித்தார்கள். என் துணி என் வாயில் இருந்தது.

வலது முட்டி, பாவ்லோவா, ஓவர்டைம், மாமியார், இந்த நான்கு ரோபோவும் ஒரே காந்தத்துக்குக் கட்டுப்பட்டவை, ஆனால் ஒன்று கொஞ்சம் தட்டை, ஒன்று கோணல், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. அதை அரை நிமிஷம் பார்த்துவிட்டு நீ ஆரம்பித்தாய்:

"கெளம்பியாச்சு... வலது முட்டி முன்னால... நம்பாதீங்க, பாதி வழியில உக்காந்துக்கும்... பாவ்லோவா ஒட்டிக்கிட்டே வருது... ஓவர்டைம் நின்ன எடத்துலயே சுத்துது, யாராவது அதுக்குச் சம்பளம் குடுங்கப்பா... இதோ மாமியார்... மாமியார் வழக்கம்போல நடுவுல பூந்து ரெண்டு பேரையும் பிரிக்கிறாங்க..."

தம்பி, எத்தனையோ வருஷம் உன் கத்தலைக் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே துணி மடித்திருக்கிறேன், பட்டாணி உரித்திருக்கிறேன். இதைக் கேட்டுக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. அறையில் இருந்த அத்தனை பேரும் உன் பக்கம் காதைச் சாய்த்து நின்றார்கள். எந்தக் காதைப் பொறுக்க முடியாமல் ஒரு குதிரை லாயத்துக்குப் பின்னால் போய் நின்றதோ, அதே காது. இந்த முறை அவை எதையும் தவறவிடக் கூடாது என்று சாய்ந்தன.

"மாமியார் தொட்டாச்சு... சாஞ்சாச்சு... இப்ப வெளிச்சம்... தூங்குது... இன்னும் தூங்குது..."

அங்கே நீ நிறுத்திவிட்டாய். எல்லாரும் அது உன் தொழில் வித்தை என்று நினைத்தார்கள். நான் மட்டும் நினைக்கவில்லை. திரையில் அந்த ஒரு செல் கறுப்பாகக் கிடந்தது. பிறகு மெதுவாக, ஓரத்திலிருந்து, பச்சை.

"எழுந்திருச்சு," என்றாய். அதைச் சொல்லும்போது காற்றுக்கு நடுவே ஒரு சின்னக் கரகரப்பு கேட்டது. நீ கவனித்தாயா? மருத்துவர் அதில் ஒன்றுமில்லை என்று சொல்லலாம். நான் கேட்டேன்.

பந்தயத்தின் படப்பதிவை உன் குரலோடேயே மாநாட்டில் காட்டப் போவதாக பிரான்வின் சொல்கிறார். கறித் தட்டு எனக்கு விழுந்தது. மாமியார் சீட்டு என்னிடம்தான் இருந்தது. இல்லை, ஏமாற்றவில்லை.

ரயில் நிலையத்தில் நீ கேட்டாயே, "அக்கா, கெண்டிக்கு இன்னொரு தடவ டாக்டர்கிட்ட நேரம் கெடைக்குமா?" என்று. கிடைத்துவிட்டது. இருபத்தோராம் தேதி. இந்த முறையும் உன் பெயரைத்தான் கொடுத்தேன்.

அக்கா

*

மிண்டில் கிரீக்
ஜனவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நாய்கள் நலம். உன் முட்டிகள் இரண்டும் நேற்றைய நடையைத் தாங்கினவா? பந்தயம் முடிந்ததும் சொல்லாமல் கார் ஏறிவிட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஊசி போட்ட பிறகு என் குரல் சரளை ரோட்டில் வண்டி போகிற மாதிரி இருக்கிறது, அது உனக்குத் தெரியும். கமிட்டியிடம் போய் நானே பேசினேன். குதிரையை அனுப்பவில்லை. தலைவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து, "வாரிக், சத்தம் பத்தாதேப்பா," என்றார். "சத்தத்துக்குத்தான் ஒலிபெருக்கி வாங்கி வெச்சிருக்கீங்க. அதைக் கூட்டுங்க, நான் எதுக்குக் கூட்டணும்?" என்றேன். ஹேமிஷ் கைதட்டினான். சொன்னேனே, நல்லவன். சாதாரணப் பந்தயங்களை அவன் வைத்துக்கொள்ளட்டும் என்று நானே சொன்னேன். கோப்பைப் பந்தயங்கள் மூன்றும் எனக்கு.

நேற்று மைக்கை உதட்டோடு வைத்துக்கொண்டேன். கூட்டாதே, கிட்டப் போ. முதல் பந்தயத்தில் சனங்கள் சலசலத்தார்கள், என்னாச்சு இவனுக்கு என்று. இரண்டாவதில் பீர்க் கூடாரத்தில் இருந்தவர்களே ஒருவர் வாயை ஒருவர் பொத்தினார்கள். மூன்றாவதில் திடல் முழுக்க அமைதி. அப்போது எனக்குக் குளம்புச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் அந்த வர்ணனைக் கூண்டில் நின்று கத்தியிருக்கிறேன், ஒரு நாளும் குளம்புச் சத்தத்தைக் கேட்டதில்லை.

அந்த அமைதியில்தான், நான் ஏதோ ஒரு கிழட்டுக் குதிரையை 'வலது முட்டி மாதிரி வருது' என்று சொன்னபோது, வேலியோரத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. முன்னால் வந்த குதிரை திடுக்கிட்டு வரிசை மாறியது. நடுவர்கள் விசாரணை வைத்திருக்கிறார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி என்று மட்டும் தெரிந்திருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் அது எனக்கு எளிது.

கிளப் செயலாளர் ஒரு உதவி கேட்கிறார். உங்கள் அறைக் கதவில் தொங்குகிற பலகையை ஈஸ்டர் பந்தயத்துக்கு இரவல் தர முடியுமா?

வாரிக்

பின்குறிப்பு: தொட்டியில் விழுந்த கைப்பேசி கிடைத்துவிட்டது. விழவேயில்லை போலிருக்கிறது. ஞாயிறு காலை மணி அடிக்கும். முட்டையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு எடு. எடுத்ததும் சிரித்துவிடாதே. முதலில் குதிரை பேசட்டும்.